அருள்நாயகியின் பெயரை எடுத்த கதை

அருள்நாயகி தன் வாழ்நாளில் இரண்டு ஏரிக்கரைகளில் குடியிருந்திருக்கிறார். இரண்டு ஏரிகளையும் கடவுள் படைக்கவில்லை. வீடு கட்டி விற்பவர்கள் படைத்தார்கள். முதலாவது டுபாயில். மணலைத் தோண்டி, அடியில் தடித்த பிளாஸ்ரிக் விரித்து, குழாயால் தண்ணீர் விட்டு நிரப்பிய ஏரி அது. அதன் கரையில் வெள்ளை வெள்ளையாக நின்ற வில்லாக்களில் ஒன்றில் அவர் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தார். இரண்டாவது, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில், மகன் மரியோ வாங்கிய புது வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. இங்கே அவர் வேலை செய்யவில்லை. அம்மாவாக இருக்கிறார். சமையல், உடுப்பு மடித்தல், பேரப்பிள்ளைகள் ஸ்டெபனியையும் ஜோசுவாவையும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்குதல், மீன் வெட்டுதல் எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம்.

குடியிருப்பின் பெயர் ‘பேர்ச்வோட்டர் லேக்சைட் கொமியூனிட்டி’. நுழைவாசலில் கருங்கல்லில் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. பேர்ச் மரம் ஒன்றுகூடக் கிடையாது. லேக் என்பது, இருநூற்றுச் சொச்சம் வீடுகளின் கூரைகளிலும் தெருக்களிலும் விழுகிற மழை ஓடிப்போய்த் தங்குகிற பள்ளம். நகரசபை இதை ஒளிக்கவில்லை. கரையில் பலகை நட்டு, இது மழைநீர்த் தேக்கம், குளிக்காதே, மீன் பிடிக்காதே, உறைந்தாலும் மேலே நடக்காதே என்று எழுதி வைத்திருக்கிறது. விற்றவர்களின் புத்தகத்தில் அது ஏரி. வாங்கியவர்களின் வாயிலும் ஏரி. கொமியூனிட்டி என்பது அதைவிட ஆழமான கற்பனை. காலையில் கராஜ் கதவு திறக்கும், கார் போகும், கதவு மூடும். மாலையில் அதுவே திருப்பி நடக்கும். வந்து நான்கு வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைவிட அவரது காரின் பின்பக்கத்தைத்தான் அருள்நாயகிக்கு நன்றாகத் தெரியும்.

டுபாயில் பாலைவனத்துக்கு நடுவே ஏரி. இங்கே ஏரியைச் சுற்றிப் பாலைவனம். கடை இல்லை, கோயில் இல்லை, நடந்துபோய் ஏறுகிற தூரத்தில் பஸ் இல்லை, வழியில் மறித்துக் கதைக்க ஒரு சனம் இல்லை. மடம் என்று கூப்பிடவேண்டிய டுபாய் வீட்டுக்காரி ஒன்றும் தங்கக்கட்டி அல்ல. கண்ணாடி யன்னலில் விரல் வைத்துப் பார்த்துத் தூசு கணக்கெடுக்கிறவள். ஆனாலும் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை லீவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த வெள்ளிகளில் கொம்பவுண்டு வாசலில் பஸ் பிடித்து, மாதா கோயில் பூசைக்குப் போய், மன்னார்ப் பெண்கள் பதினைந்து பேரோடு மர நிழலில் சோறு தின்றுவிட்டு வரலாம். ஸ்ரௌவ்வில்லில் அம்மாவுக்கு ஒப்பந்தம் இல்லை. பூசைக்குப் போவது கார் சும்மா நிற்கிற ஞாயிறுகளில் மட்டும். பிள்ளைகளுக்கு நீச்சலும் பியானோவும் வந்த பிறகு கார் சும்மா நிற்பது பெருநாட்களில்தான்.

மருமகள் கரோலின் கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் விஷயம் சுகமாக முடிந்திருக்கும். பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை. தினமும் காலை ஏழரைக்குப் போகிறபோது, “மாமி, ஒண்டும் செய்யாதேங்கோ. நல்லா ரெஸ்ற் எடுங்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அதை மனதாரச் சொல்வாள். மாலையில் வந்து, சோறு கறி எல்லாம் மேசையில் இருப்பதைக் கண்டு, “ஐயோ மாமி, ஏன் இதெல்லாம் செய்தனீங்கள்?” என்று அதையும் மனதாரக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவாள்.

அருள்நாயகிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. உள்ளேயிருந்து பூட்டுகிற ஒரு கதவு. எழுபத்தொரு வயதுக்குள் அவர் ஏழு வீடுகளில் இருந்துவிட்டார். அப்பா வீடு, புருஷன் வீடு, புருஷன் காய்ச்சலில் போன பிறகு தங்கச்சி வீடு, இடையில் ஒரு முகாம், மடத்தின் வில்லா, கனடாவுக்கு வந்த பிறகு டோர்செட் பார்க்கில் மகனின் அப்பார்ட்மென்ற், இப்போது இது. ஒன்றிலாவது கதவைப் பூட்டிக்கொண்டு, தட்டினால் திறக்காமல் இருக்கும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. டோர்செட் பார்க்கில் இருந்த காலத்தில் அதே தெருவில் முதியோருக்கான அரசாங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஓர் அறையும், சமைக்கக் குசினியும். கீழே பஸ், எதிரே தமிழ்க்கடை. அவருடைய சிநேகிதி யோகமலர் இவருக்கும் தனக்குமாக இரண்டு விண்ணப்பம் நிரப்பிப் போட்டார். யோகமலருக்கு இதய நோய் இருந்ததால் மூன்று வருடத்தில் கிடைத்துவிட்டது. அருள்நாயகி நல்ல சுகதேகி. பதினொரு வருடமாகப் பட்டியலில் நின்றார்.

இதை மரியோவுக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. தாய் டுபாய்க்குப் போகும்போது மரியோவுக்குப் பதினேழு வயது. தாய் அனுப்பிய படம் ஒன்றில் பின்னால் ஏரியும் வில்லாவும், முன்னால் கையில் துடைப்பத்தோடு அவர். அதைப் பார்த்துவிட்டு அவன் ஒரு கடிதம் எழுதினான்: நீங்கள் துடைக்கிற வீடு மாதிரி ஒரு வீட்டில் உங்களை ஒரு நாள் இருத்துவேன். இளந்தாரிகள் எல்லாரும் இப்படி எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். மரியோ மறக்கவில்லை. இருபது வருடம் பொதிக் களஞ்சியங்களில் இரவும் பகலும் நின்று, பேர்ச்வோட்டரில் ஏரி பார்த்த காணியாகத் தெரிந்து வாங்கினான். சாவி கொடுத்த அன்று தாயைப் பின்பக்கக் கண்ணாடிக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், “பாருங்கோ அம்மா, லேக்” என்றான். அவர் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது கண்ணாடிதான். எட்டடி உயரம், வெளிப்பக்கமும் துடைக்க வேண்டும்.

செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் அந்த ரெலிபோன் வந்தது. அருள்நாயகி கராஜுக்குள் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் மீன் மணம் ஏறக்கூடாது என்பதற்காக மரியோ கராஜில் ஓர் அடுப்பும் தொட்டியும் வைத்துக் கொடுத்திருந்தான். கையெல்லாம் செதில். முழங்கையால் போனை அமத்தி ஸ்பீக்கரில் போட்டார். வெள்ளைக்காரி ஒருத்தி ஏதோ சொன்னாள். “தமிழ், தமிழ்” என்றார் இவர். கொஞ்ச நேரம் பாட்டுப் போனது. பிறகு மொழிபெயர்க்கிற பெண் வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, குரலில் சர்க்கரை.

“வணக்கம்மா. நான் இன்டர்பிரெட்டர் பேசுறேன். அவங்க சொல்றத அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன், நீங்க சொல்றத அப்படியே அவங்களுக்குச் சொல்லுவேன். சரிங்களா?”

“ஓம்.”

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“ஓம் பிள்ளை, ஓம்.”

“ஓம்னா... சரின்னு எடுத்துக்கலாமா?”

“எடுங்கோ. ஓமெண்டால் ஓம்தான்.”

முதியோர் வீட்டுப் பட்டியல் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று விளங்கியதும் அருள்நாயகி கத்தியைக் கீழே வைத்தார். விலாசம் மாறியிருக்கிறதாம், இப்போது மகனோடு ஸ்ரௌவ்வில்லிலா இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஓம் என்றார். மகன் வீட்டில் வசதியா? ஓம், வசதிக்கு என்ன குறை. பிறகு வெள்ளைக்காரி நீளமாக எதையோ வாசித்தாள். பிள்ளை அதைச் சுருக்கினாள்.

“அதனால கேக்குறாங்கம்மா. லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடலாமா?”

இந்த இடத்தில்தான் தமிழ் தன் வேலையைக் காட்டியது. அந்தப் பிள்ளையின் ஊரில் பேரை எடுப்பது என்றால் நீக்குவது. அருள்நாயகியின் ஊரில் நீக்குவதற்குப் பெயர் வெட்டுவது. ரேஷன் கூப்பன் அட்டையில் பேரை வெட்டுவார்கள், பள்ளிக்கூட இடாப்பில் பேரை வெட்டுவார்கள். எடுப்பது என்றால் தெரிந்தெடுப்பது. வேலைக்கு எடுப்பார்கள், பல்கலைக்கழகத்துக்கு, அதாவது கம்பஸுக்கு எடுபடுவார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குள் கையை விட்டு, பதினொரு வருடத்துக்குப் பிறகு, இதோ ஒரு பெயரை எடுக்கப்போகிறார்கள். எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்கவும் செய்கிறார்கள். கனடா கனடாதான்.

“எடுங்கோ பிள்ளை! பதினொரு வருசமாய் எப்ப எடுப்பியள் எப்ப எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பிள்ளை அப்படியே சொன்னாள். பெயரை நீக்கும்படி ஒரு முதிய பெண் பதினொரு வருடமாகக் காத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட வெள்ளைக்காரி மூன்று தரம் ‘சொறி’ சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சொறி மட்டும் அருள்நாயகிக்கு விளங்கியது. நல்ல மனுசி, பிந்திப்போனதுக்கு வருத்தப்படுகிறாள்.

“உறுதியாத்தானம்மா? யோசிக்க டைம் வேணும்னா...”

“யோசிக்க என்ன கிடக்கு? இண்டைக்கே எடுங்கோ.”

“சரிம்மா, எடுத்துட்டாங்க. லெட்டர் வரும்.”

“ஆண்டவர் உன்னை நல்லா வைச்சிருப்பார், பிள்ளை.”

உடனே யோகமலருக்குப் போன் அடித்தார். மீன் அப்படியே கிடந்தது.

“மலர், என்ரை பேர் எடுபட்டிட்டுது!”

“உண்மையோ அருளக்கா? எத்தினையாம் மாடி?”

“அது இன்னும் சொல்லேல்லை. கடிதம் வருமாம்.”

“ஆறாம் மாடி எண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அங்கை ஜெயரட்ணத்தார் இருக்கிறார். லிஃப்டுக்குள்ள ஆளைப் பிடிச்சால் தன்ரை பைபாஸ் கதை முடியுமட்டும் விடமாட்டார். கடையிலை வாங்கின மரக்கறி வாடிப்போகும்.”

“வாடட்டுமடி. கதைக்க ஒரு ஆள் வேணும்தானே.”

“மூண்டு நாளைக்குப் பிறகு இதைச் சொல்லுங்கோ பாப்பம். சரி, மரியோவுக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“கடிதம் வரட்டும். கையிலை கடிதத்தோடை சொன்னால் மறுக்கேலாதுதானே.”

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமைகள்தான் ஸ்ரௌவ்வில்லில் அருள்நாயகி சந்தோஷமாக இருந்த காலம் என்று சொல்லலாம். அந்த வீட்டை விட்டுப் போகப்போகிறோம் என்று நினைத்ததும் அந்த வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. எட்டடிக் கண்ணாடியைச் சொல்லாமலே துடைத்தார். கட்டிலுக்குக் கீழே சூட்கேஸில் இரண்டு கோப்பை, ஒரு சின்னச் சட்டி, மாதா படம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மத்தியானத்தில் ஏரியைச் சுற்றி நடக்கவும் போனார். டுபாயில் கரையோர வாங்குகளில் வேலைக்காரிகள் உட்காரக்கூடாது. இங்கே வாங்குகள் எல்லாம் காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் இல்லை. காட்டு வாத்துகள் மட்டும் தெருவைக் கடந்து, எந்தக் காருக்கும் பயமில்லாமல், குடியிருப்பின் உண்மையான வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரித் திரிந்தன.

கரோலினுக்குச் சந்தேகம் வந்தது. “மாமி இப்ப பாட்டெல்லாம் படிக்கிறா. டொக்ரரிட்டை ஒருக்காக் காட்டுவமோ?” என்று புருஷனைக் கேட்டாள்.

பேர்ச்வோட்டரில் கடிதம் வீட்டுக்கு வராது. தெரு மூலையில் எல்லாருக்குமாக ஒரு இரும்புப் பெட்டி. அதன் சாவி மரியோவின் காரில். நினைத்தால் திறப்பான், நினைக்காவிட்டால் இரண்டு மூன்று கிழமையும் போகும். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை விளம்பரத் தாள்களை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், தாயின் பெயருக்கு வந்த கடிதத்தை வழக்கம்போல உடைத்தான். தாயின் ஆங்கிலம் முழுவதும் அவன் பொறுப்பு. சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தான். பிறகு இன்னொருமுறை வாசித்தான்.

“அம்மா, நீங்கள் சீனியர்ஸ் பில்டிங்குக்கு அப்ளை பண்ணினனீங்களோ?”

அருள்நாயகி இதற்காக மூன்று கிழமையாக வசனம் பாடமாக்கியிருந்தார். வாயில் வந்தது வேறு. “ஓம் தம்பி. அது... கோவத்திலை இல்லை. மலரும் அங்கைதானே இருக்கிறாள் எண்டு...”

“பிறகு நீங்களே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டியளோ?”

“ஆர் சொன்னது?”

“இஞ்சை கிடக்கு. உங்கடை பேரை வெட்டியாச்சாம். நீங்கள்தான் வெட்டச் சொன்னனீங்களாம். பதினொரு வருசமாய்க் காத்திருந்து, உங்கடை வாயாலையே வெட்டச் சொல்லியிருக்கிறியள்.”

வெட்டு என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது. அந்தச் சர்க்கரைக் குரல், ‘எடுத்துடலாமா’, மூன்று சொறி. அவர் முகம் மாறியதைப் பார்த்த மரியோவுக்கும் எல்லாம் விளங்கியது. ஆனால் அவனுக்கு விளங்கியது வேறு.

நாற்பத்துநாலு வயதுக்காரன், களஞ்சியத்தில் அறுபது பேரை மேய்க்கிறவன், தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். “எங்களை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை, என்னம்மா? இந்த வீட்டைவிட்டுப் போக மனம் வரேல்லை. எனக்குச் சொல்லாமல் நீங்களே... எங்களுக்காகத்தானே அம்மா?”

பதினேழு வயதில் அவனை விட்டுவிட்டு விமானம் ஏறிய அன்றுகூட அவன் அழவில்லை. விமான நிலையத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அழுகை இவ்வளவு காலமும் எங்கோ இருந்து, தவறான ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இப்போது வெளியே வருகிறது. அதை எப்படி நிறுத்துவது?

“ஓம்,” என்றார் அருள்நாயகி.

அடுத்த நாள் நீச்சலையும் பியானோவையும் விட்டுவிட்டு எல்லாரும் ஸ்காபரோவில் தமிழ்ப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து முற்றத்தில் கோப்பி குடிக்கிற நேரம், மரியோ கண்டவர்களுக்கெல்லாம் சொன்னான். யோகமலர் சின்னம்மையிலிருந்து தப்பியவர், இதய அறுவைச் சிகிச்சையிலிருந்து தப்பியவர். ஆனால் இந்தச் செய்தியைக் கேட்டு அவர் கையிலிருந்த கோப்பி சேலையில் சிந்தியது.

“அன்ரி, அம்மாவுக்கு உங்கடை பில்டிங்கிலை இடம் கிடைக்கிற நேரம் வந்ததாம். வேண்டாமெண்டிட்டா. பிள்ளையளோடை இருக்கப்போறாவாம்.”

யோகமலர் அருள்நாயகியைத் தள்ளிக்கொண்டு கார்களுக்கு நடுவே போனார். “விசரோ அக்கா உங்களுக்கு? எடுபட்டிட்டுது எண்டியள்?”

“எடுத்தவங்கள்தான். எடுத்து வெளியிலை போட்டிட்டாங்கள்.” நடந்ததைச் சொன்னார்.

யோகமலர் தலையில் கை வைத்தார். “இந்தியாக்காரி கதைச்சால் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிக் கேக்கவேணும். எனக்கு ஒருத்தி ‘நாளைக்குக் காலை வாங்க’ எண்டு சொல்ல, என்ரை காலை ஏனடி வாங்கப்போறாய் எண்டு கேட்டனான். சரி விடுங்கோ. அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ.”

“எப்பிடிச் சொல்லுறது? அழுதவன், மலர்.”

“அழுதால்? துடைச்சுப்போட்டு இருப்பான். நீங்கள் சாகுமட்டும் கராஜுக்குள்ள மீன் வெட்டப்போறியளோ?”

பூசை வைத்த சாமியார் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். தாய்மை பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லப்போவதாகவும், பெயர் குறிப்பிட மாட்டேன் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை மரியோ ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு, பலகைகளும் கம்பிகளுமாக வந்து இறங்கினான். பேஸ்மென்ற்றில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு பகுதி கட்டப்போகிறானாம். படுக்கையறை, குளியலறை, சின்னக் குசினி. பின்சுவரை உடைத்து யன்னலைப் பெரிதாக்கினால் படுத்தபடியே ஏரி தெரியும். அளந்து பார்த்ததில் ஏரி தெரியவில்லை. புல் தெரிந்தது, அதில் போகிற வாத்துகளின் கால்கள் தெரிந்தன. அதுவும் வடிவுதான் என்றான். கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போடலாமா என்று அருள்நாயகி தானாகவே கேட்டுப் பார்த்தார். “உங்கடை வயதிலை உள்ளுக்குப் பூட்டக்கூடாது அம்மா. விழுந்து கிடந்தால் ஆருக்குத் தெரியும்?” என்றான். நியாயம்தான். அவன் சொல்வதெல்லாம் நியாயமாகவே இருந்தது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தது கரோலின்தான். அழுகிறவர்கள் இரண்டாம் பக்கம் வாசிப்பதில்லை. அன்று இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும்போது மெதுவாகக் கேட்டாள்.

“மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ, அவங்கள் பிழையாய் விளங்கினவங்களோ?”

அருள்நாயகி சொன்னார். கரோலின் முதலில் சிரித்தாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“பிழையாய் வெட்டியிருந்தால் முப்பது நாளுக்குள்ள சொல்லவேணும் எண்டு போட்டிருக்கு. பழைய இடத்திலையே திருப்பிப் போடுவினமாம். அதுக்குப் பிறகெண்டால் புதுசா அப்ளை பண்ணவேணும், பன்ரெண்டு வருசம். கடிதத்தின்ரை திகதியிலையிருந்து இண்டைக்கு இருபத்தாறு நாள், மாமி. புதன்கிழமை எனக்கு லீவு. போன் அடிப்பம்.”

“மரியோ?”

“அவருக்கு நான் சொல்லுறன்.”

“வேண்டாம் பிள்ளை. நீ சொன்னால் நீ என்னை வீட்டைவிட்டுக் கலைக்கிறாய் எண்டு நினைப்பான்.”

கரோலின் தட்டைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “நினைப்பார்தான்,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அருள்நாயகி அவனிடம் சொல்லப் போனார். தேத்தண்ணியோடு ஒருமுறை படியிறங்கினார். “தம்பி, அந்தக் கடிதம்...” “அம்மா, அதைப் பற்றி நீங்கள் இனி ஒண்டும் சொல்லத்தேவையில்லை. எனக்கு விளங்கும்.” வடையோடு இன்னொருமுறை இறங்கினார். அவன் முழங்காலில் நின்று தரைக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் காலுக்குச் சில்லிடக்கூடாதாம். கீழே சூடேறுகிற மாதிரி ஏதோ கம்பி விரித்திருக்கிறானாம். தலைமயிரில் சுண்ணாம்புத் தூள். வடையை வைத்துவிட்டு ஏறிவந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கரோலின் குசினி மேசையில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கதவைச் சாத்தினாள். நாற்பது நிமிடம் பாட்டு. கீழே துளை போடுகிற மெஷின் சத்தம் விட்டு விட்டு வந்தது. கடைசியில் ஒருத்தி வந்து பெயரும் பிறந்த திகதியும் கேட்டாள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டாள்.

“வேண்டாமெண்டு சொல்லு,” என்றார் அருள்நாயகி.

“மாமி, உங்களுக்கு இங்கிலீஷ் விளங்காதே.”

“விளங்காட்டில் ஓமெண்டு சொல்லமாட்டன்தானே.”

கரோலின் நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினாள். சொல் ஒன்றால் வந்த பிழை என்றாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள், தட்டச்சு செய்தாள். சரி, திருத்தலாம், ஆனால் விண்ணப்பித்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: உங்கள் பெயரைப் பட்டியலில் திரும்பப் போடவேண்டுமா? யெஸ் ஓர் நோ?

அருள்நாயகிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. வாழ்க்கையில் எந்த ஆங்கிலமும் அவருக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. யெஸ் என்றால் போதும். யெஸ் என்றால் இன்று மாலை சாப்பாட்டு மேசையில் மரியோவுக்குச் சொல்ல வேண்டும். அன்று அழுதாயே, அது பிழையான அழுகை என்று சொல்ல வேண்டும். கட்டிப்பிடித்தபோது நான் ஓம் என்றது பொய், இந்த வீடு வேண்டாம், நீ இருபது வருடம் கட்டிய கடன் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேறு மாதிரியும் சொல்லலாம்; ஆனால் எந்த மாதிரிச் சொன்னாலும் அவன் காதில் இப்படித்தான் விழும். ஒருமுறை விமான நிலையத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவன்.

“ஹலோ?” என்றாள் அந்தப் பெண். “யெஸ் ஓர் நோ, மேம்?”

கரோலின் உதட்டை மட்டும் அசைத்து, “யெஸ் சொல்லுங்கோ மாமி,” என்றாள்.

“நோ,” என்றார் அருள்நாயகி. யாரோ தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல, “நோ, தாங்க்யூ,” என்றார்.

கரோலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி மறித்தார். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள், இன்றைய நாள் இனிதாக அமையட்டும் என்றாள், வைத்துவிட்டாள். கரோலின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்ததா, ஆறுதல் வந்ததா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எழுந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

கீழே மெஷின் நின்றது. படியடியில் மரியோவின் குரல் கேட்டது.

“அம்மா! கட்டிலின்ரை தலைமாடு எந்தப் பக்கம் வைக்க? யன்னல் பக்கமோ, சுவர்ப் பக்கமோ? பிளக் அடிக்கவேணும், இப்ப சொன்னால்தான் நல்லது.”

“சுவர்ப் பக்கம் வை, தம்பி,” என்றார் அருள்நாயகி.